இங்கிலாந்தில் ஒரு ஸ்ட்ரெய்ட்-புல் ரைஃபிளுக்கு உரிமம் வாங்கிய அனுபவம்

"அங்கே துப்பாக்கியெல்லாம் தடைதானே, உனக்கு மட்டும் எப்படிக் கொடுத்தார்கள்?" ஊரிலிருந்து போன் பேசுகிறவர்கள் தவறாமல் கேட்பது இது. தடை இருக்கிறது, ஆனால் எல்லாவற்றுக்கும் இல்லை. எது கூடும், எது கூடாது என்பதைக் கொஞ்சம் விளக்கினால்தான் மற்றது புரியும்.

1987 ஆகஸ்டில் ஹங்கர்ஃபோர்டு என்ற சின்ன ஊரில் ஒருவன் 16 பேரைச் சுட்டுக் கொன்றான். அவனிடம் இருந்த துப்பாக்கிகள் உரிமம் வாங்கி வைத்திருந்தவை. விசையை அழுத்த அழுத்த அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிளும் அவற்றில் அடக்கம். மறு வருஷமே சட்டம் வந்தது. சாதாரண .22 ரிம்ஃபயர் என்ற சின்னத் தோட்டாவுக்கானவை நீங்கலாக, செமி ஆட்டோ ரைஃபிள்களும் பம்ப் ஆக்‌ஷன் ரைஃபிள்களும் தடை. 1996-ல் டன்பிளேன் பள்ளியில் 16 குழந்தைகளும் அவர்களுடைய ஆசிரியையும் கொல்லப்பட்ட பிறகு கைத்துப்பாக்கிகளும் போயின. மிஞ்சியவை, ஒவ்வொரு குண்டுக்கும் கையால் இயக்க வேண்டிய ரைஃபிள்கள்: தோட்டாவை உள்ளே தள்ளி அடைக்கும் 'போல்ட்' என்ற உலோகத் துண்டைத் தூக்கித் திருப்பி இழுக்கும் போல்ட் ஆக்‌ஷன், அடியில் நெம்புகோல் உள்ள லீவர் ஆக்‌ஷன், அப்புறம் போல்ட்டைத் திருப்பாமல் நேராகப் பின்னால் இழுக்கும் ஸ்ட்ரெய்ட்-புல்.

இதில் பம்ப் ஆக்‌ஷனை ஏன் சேர்த்தார்கள் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. அதுவும் கையால் இழுத்துத் தள்ளுவதுதான். லீவர் கூடும், பம்ப் கூடாது! கிளப்பில் பழைய ஆட்களிடம் இதைக் கேட்டால் அரை மணி நேரம் போய்விடும்.

எனக்கும் ரைஃபிளுக்கும் இருந்த பழக்கம் மதுரையில் கல்லூரி என்.சி.சி.யோடு சரி. படுத்துக்கொண்டு 25 கஜத்தில் பாயிண்ட் டூ டூ சுட்டது, த்ரீ நாட் த்ரீயைத் தோளில் சாய்த்து அணிவகுத்தது, அவ்வளவுதான். இங்கே வேலைக்கு வந்து பல வருஷம் கழித்து, கூட வேலை செய்பவர் ஒருவர் தன் கிளப்பின் விருந்தினர் நாளுக்குக் கூட்டிக்கொண்டு போனார். அங்கேதான் ஸ்ட்ரெய்ட்-புல் ஒன்றை முதலில் கையில் எடுத்தேன். பார்வைக்கு அசல் ஏ.ஆர்.15, அமெரிக்காவின் அந்த செமி ஆட்டோ ரைஃபிளேதான். ஆனால் சுட்டால் போல்ட் அசையாது. வெடிமருந்து எரிந்து குழாயில் எழும் வாயுவை எடுத்துப் போல்ட்டைப் பின்னுக்குத் தள்ளும் ஏற்பாடே இல்லாமல் செய்யப்பட்டது. பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் கைப்பிடியை நேராகப் பின்னால் இழுத்தால் வெற்றுக்கூடு வெளியே தெறிக்கும். கையை எடுத்தால் ஸ்பிரிங் அடுத்த தோட்டாவைத் தள்ளிக்கொண்டு போய் மூடும். போல்ட்டைத் தூக்கித் திருப்பும் வேலை கிடையாது. தடைக்கு வழி தேடிக் கண்டுபிடித்த முறை என்று நினைத்துவிட வேண்டாம். ஆஸ்திரியாவின் மான்லிக்கரும் சுவிஸ் ராணுவத்தின் கே31-ம் நேராக இழுக்கும் ரைஃபிள்கள்தான்.

சரி, உரிமத்துக்கு வருகிறேன். முதல் படி கிளப். உள்துறை அமைச்சகம் அங்கீகரித்த கிளப்பில் குறைந்தது மூன்று மாதம் தகுதிகாண் உறுப்பினராக இருக்க வேண்டும். நீங்கள் சேர்ந்திருப்பதைக் கிளப்பே போலீசுக்குத் தெரிவிக்கும். தண்டனை பெற்றுத் துப்பாக்கி தொடக்கூடாதவர் பட்டியலில் நான் இல்லை என்று கையெழுத்தும் போட வேண்டும். அந்த மாதங்களில் நான் சுட்டதைவிட மற்றவர்கள் சுடுவதைப் பார்த்ததுதான் அதிகம். அதில் எனக்கு வருத்தமில்லை. துப்பாக்கியின் வாய் எந்தப் பக்கம் பார்க்கிறது, சுடுவதை நிறுத்தச் சொன்னதும் யார் கையை எடுக்கிறார்கள் என்பதையெல்லாம் மூத்தவர்கள் ஓரக்கண்ணால் கவனித்துக்கொண்டே இருப்பார்கள். கெட்டிக்காரன் போல வேகம் காட்டியவர் ஒருவர் முழு உறுப்பினர் ஆகவே இல்லை.

அப்புறம் விண்ணப்பம். இரண்டு பரிந்துரையாளர்கள் வேண்டும். இரண்டு வருஷமாவது நம்மை அறிந்தவர்களாக இருக்க வேண்டும், சொந்தக்காரர்கள் கூடாது. நம்மவர்கள் இங்கேதான் தடுமாறுவார்கள். பழகுகிற பாதிப் பேர் சொந்தம், மீதிப் பேரிடம் 'துப்பாக்கி உரிமத்துக்கு உங்கள் பெயரைக் கொடுக்கட்டுமா' என்று கேட்டாலே ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். எனக்குப் பக்கத்து வீட்டு ஆங்கிலேயப் பெரியவர் உடனே சரி என்றார். தமிழ்ச்சங்க நண்பர் ஒருவர், தன் மனைவியிடம் கேட்டுவிட்டுச் சொல்வதாகச் சொல்லி ஒரு வாரம் எடுத்துக்கொண்டார்.

மருத்துவச் சான்றும் கட்டாயம். 2021 ஆகஸ்டில் பிளிமத்தில் உரிமம் உள்ள ஒருவன் ஐந்து பேரைச் சுட்டுக் கொன்றான். அதே வருஷம் நவம்பரிலிருந்து, டாக்டரின் தகவல் இல்லாமல் போலீஸ் உரிமம் தரக்கூடாது என்று ஆனது. மன அழுத்தத்துக்கு மருந்து சாப்பிட்டிருந்தால் கதவு மூடிவிடும் என்று பலர் பயந்து மறைக்கிறார்கள். மறைப்பதுதான் ஆபத்து. அப்பா இறந்த சமயத்தில் நான் கவுன்சலிங் போனது என் கோப்பில் இருந்தது. நானே எழுதிவிட்டேன். அதைப் பற்றி இரண்டு கேள்வி கேட்டார்கள், முடிந்தது.

விண்ணப்பத்தின் உயிர்நாடி 'தக்க காரணம்' என்ற பகுதி. தற்காப்புக்கு என்று எழுதினால் அங்கேயே நிராகரிப்பு. இந்த நாட்டில் அதைக் காரணமாக ஏற்பதில்லை. இலக்குச் சுடுதல், வேட்டை, பயிரை அழிக்கும் பிராணிகளைக் கட்டுப்படுத்துதல் போன்றவைதான் செல்லும். அதுவும் பொதுவாக எழுதினால் போதாது. இந்த அளவுத் தோட்டா, இந்த வகை ரைஃபிள், இந்த கிளப், இந்த ரேஞ்ச் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகச் சொல்ல வேண்டும். நான் .223 அளவுத் தோட்டாவுக்கான ஸ்ட்ரெய்ட்-புல் ஒன்று கேட்டேன். ஒரே சமயத்தில் எத்தனை தோட்டா வைத்திருக்கலாம், எத்தனை வாங்கலாம் என்பதற்கும் எண் போட வேண்டும்.

பிறகு காத்திருப்பு. எந்தக் காவல்துறை என்று சொல்லப்போவதில்லை. மின்னஞ்சலுக்குப் பதில் இல்லை, போன் எடுப்பாரில்லை, மாதங்கள் ஓடின. 2025 பிப்ரவரியில் புது உரிமக் கட்டணத்தை 88 பவுண்டிலிருந்து 198 பவுண்டாக ஏற்றினார்கள். அந்தப் பணத்தில் போன் எடுக்க ஒரு ஆளைப் போட்டால் நல்லது.

ஒருவழியாக வீட்டுக்கு அதிகாரி வந்தார். துப்பாக்கிப் பெட்டியை முன்பே பொருத்தியிருந்தேன், மாடியில், செங்கல் சுவரில் நான்கு போல்ட் போட்டு. புது வீடுகளில் பாதிச் சுவர் பிளாஸ்டர்போர்டு. தட்டிப் பார்த்து இடம் தேர்ந்தெடுக்க வேண்டும். அவர் பெட்டியைத் திறக்கச் சொன்னார், இரண்டு கையாலும் பிடித்து ஒரு ஆட்டு ஆட்டினார், அசையவில்லை. அடுத்த கேள்விதான் முக்கியம்.

"சாவி எங்கே வைப்பீர்கள் என்று உங்கள் மனைவிக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"தெரியவே கூடாது," என்றார்.

உரிமம் இல்லாதவர் கைக்குச் சாவி எட்டினால், அவரே துப்பாக்கியை வைத்திருப்பது போல ஆகிவிடும். அரிசிப் பானை முதல் பேங்க் லாக்கர் வரை எல்லாச் சாவியும் தன் பொறுப்பில் உள்ள என் மனைவிக்கு இது பிடிக்கவில்லை. "அப்படியென்றால் பெட்டி மேல் தூசியும் நீங்களே தட்டிக்கொள்ளுங்கள்," என்று அதிகாரி முன்னாலேயே சொல்லிவிட்டாள். அவளிடமும் தனியாகப் பேசினார், வீட்டில் சண்டை சச்சரவு உண்டா, கணவர் குடிப்பாரா என்று. அப்படிக் கேட்பது நியாயம்தான்.

என்னிடம் அவர் நேரம் எடுத்துப் பேசியது ரைஃபிளின் இயக்கத்தைப் பற்றி. காரணம் இருந்தது. செமி ஆட்டோவுக்கும் ஸ்ட்ரெய்ட்-புல்லுக்கும் நடுவே ஒரு வகை இங்கே ஓடிக்கொண்டிருந்தது. சுட்டதும் வாயுவே வெற்றுக்கூட்டை வெளியே தள்ளிப் போல்ட்டைப் பின்னால் நிறுத்திவிடும். சுடுகிறவர் ஒரு நெம்பை அழுத்தி விடுவித்தால் அடுத்த தோட்டா ஏறும். கையால் விடுவிப்பதால் இது செமி ஆட்டோ ஆகாது என்பது வாதம். 2019-ல் வந்த சட்டம் அந்த வாதத்தை முடித்துவைத்தது: வாயுவின் விசையால் கூடு வெளியேறும் ரைஃபிள், .22 ரிம்ஃபயர் தவிர, தடை. உரிமையாளர்கள் இழப்பீடு வாங்கிக்கொண்டு ஒப்படைத்தார்கள். ஆகவே நான் கேட்பது முழுக்க முழுக்கக் கையால் இழுப்பதுதானா என்று அவர் உறுதி செய்துகொண்டார்.

உரிமம் தபாலில் வந்தது, ஐந்து வருஷத்துக்கு. டீலரிடம் போய் ரைஃபிளை வாங்கியபோது அவர் அதன் வரிசை எண்ணை என் உரிமத்தில் பதிந்தார். ஏழு நாளுக்குள் நானும் போலீசுக்குத் தெரிவித்தேன். தோட்டா வாங்கும்போதும் இப்படியே பதிவாகும்.

பிஸ்லி துப்பாக்கிச் சுடும் மைதானத்தின் செஞ்சுரி ரேஞ்சில் 300 கஜத்தில் முதல் நாள். ஐந்து குண்டு நன்றாகப் போனது, ஆறாவது கூடு சிக்கிக்கொண்டது. திருப்பும் போல்ட்டில் கைப்பிடியைத் தூக்கும்போதே கூடு கொஞ்சம் இளகிவிடும். நேராக இழுப்பதில் அந்த உதவி கிடையாது. குழாயில் தோட்டா உட்காரும் அறையின் சுவரில் கூடு ஒட்டினால் உங்கள் புஜபலம்தான். வீரியம் கூடிய தோட்டாவும் அழுக்கான அறையும் சேர்ந்தால் கண்டிப்பாக ஒட்டும். இப்போது ஒவ்வொரு தடவையும் அறைக்கான பிரஷைக் கையோடு கொண்டுபோகிறேன், தோட்டாவையும் கொஞ்சம் மிதமானதாக மாற்றிவிட்டேன்.

வேகத்துக்காக ஸ்ட்ரெய்ட்-புல் வாங்க நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். பக்கத்து லேனில் எழுபது வயதுக்காரர் ஒருவர் பழைய லீ என்ஃபீல்டு வைத்துச் சுடுவார். கட்டை விரலும் ஆட்காட்டி விரலும் போல்ட்டை விட்டுப் பிரியாது, நடுவிரல் விசையில். முதல் உலகப் போர்க் காலத்துச் சிப்பாய்கள் ஒரு நிமிடத்தில் 15 குண்டு குறிபார்த்துச் சுடப் பழகியது அந்த ரைஃபிளில்தான். நேரம் வைத்துச் சுடும் போட்டியில் அவர் முடித்துவிட்டுக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருப்பார், எனக்கு இன்னும் இரண்டு குண்டு மிச்சம் இருக்கும். அவருடையதைப் போன்ற .303 லீ என்ஃபீல்டு ஒன்றையும் என் உரிமத்தில் சேர்க்க மனுப் போட்டிருக்கிறேன். அதற்கும் தனியாகத் தக்க காரணம் எழுத வேண்டும். கிளப்பின் பழைய ராணுவ ரைஃபிள் போட்டி அட்டவணையை இணைத்தேன்.