கருவேலங்காட்டு டெண்டரில் அந்த ஒரு வரி

ராமநாதபுரம் மாவட்டம் உச்சிப்புளிக்குத் தெற்கே, கடல் இரைச்சல் காதில் விழும் தூரத்தில் 32 ஏக்கர் மேய்ச்சல் புறம்போக்கு இருக்கிறது. அப்பா காலத்தில் கொழுக்கட்டைப் புல் முழங்கால் உயரம் நின்ற இடம். ஆட்டு மந்தையோடு ஊர் ஊராய்ப் போகும் கீதாரிகள் கிடை போட்டுத் தங்கிப் போவார்கள். பிறகு சீமைக் கருவேலம் ஏறியது. நெற்றைத் தின்ற ஆடுகள் புழுக்கையோடு விதையையும் நிலமெங்கும் போட்டன. கடைசியில் ஆடு நுழையவே வழியில்லாமல் போனது.

அதை அழித்துப் புல் விதைக்கும் பணிக்கு டெண்டர் வந்தபோது என்னிடம் ஒரு ஜேசிபியும், வயலுக்கு மருந்தடிக்க வங்கிக் கடனில் வாங்கிய ட்ரோனும் இருந்தன. பணி விவரத்தில் ஒரு வரி: வெட்டிய தூர்கள் துளிர்த்தால் ட்ரோன் மூலம் களைக்கொல்லி தெளிக்க வேண்டும். எனக்கென்றே எழுதியது போல மனம் துள்ளியது.

முதல் முறை அரசு டெண்டர் போடுகிறவர்கள் டிஜிட்டல் கையொப்பச் சான்றை முன்பே வாங்கிவிடுங்கள். அது இல்லாமல் இணையதளத்தில் எதையும் ஏற்ற முடியாது. சான்றுகளுக்குத் தொழில்நுட்ப உறை, தொகைக்கு விலை உறை என்று இரண்டாகப் போட வேண்டும். தொழில்நுட்ப உறையில் ஒரு சான்று குறைந்தாலும் விலை உறையைத் திறக்க மாட்டார்கள். முன்வைப்புத் தொகை, ஜி.எஸ்.டி., வருமான வரிக் கணக்கு எல்லாம் அலைச்சல்தான், ஆனால் முடிந்துவிடும்.

அந்த ஒரு வரிதான் முடியவில்லை. உச்சிப்புளியில் ஐ.என்.எஸ். பருந்து கடற்படை விமானத் தளம் இருக்கிறது. 2021 ட்ரோன் விதிகளின்படி வான்பரப்பு பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பிரிக்கப்பட்டிருக்கிறது. அனுமதி கேட்காமல் பறக்கப் பச்சையில் மட்டுமே முடியும். எங்கள் நிலம் பச்சையில் இல்லை. அடுத்து மருந்து. கிளைபோசேட் என்ற களைக்கொல்லியைப் பூச்சி ஒழிப்பு உரிமம் பெற்றவர்களைத் தவிர வேறு யாரும் பயன்படுத்தக் கூடாது என்று மத்திய அரசு 2022-இல் அறிவித்துவிட்டது. 1971-ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லி விதிகளோ, வானிலிருந்து தெளிப்பதென்றால் 24 மணி நேரம் முன்னதாக ஊருக்கு அறிவிக்க வேண்டும், ஆளும் கால்நடையும் உள்ளே வராமல் தடுக்க வேண்டும் என்கின்றன.

தடுப்பதா? ஆடி மாதக் காலையில் போய் நின்று பார்த்தேன். கச்சான் காற்று மணலை வாரி அடித்துக்கொண்டிருந்தது. ஜேசிபியின் கை மீது ஏறி ஒரு பிடி அடுப்புச் சாம்பலைத் தூவினேன். ஒரு துகள்கூட நேர்கீழே விழவில்லை. புகைபோல நீண்டு, பெண்கள் குடத்தோடு நின்ற ஊருணிப் பக்கம் போனது. பாசி எடுக்கக் கடலுக்குப் போகிறவர்களின் ஒற்றையடிப் பாதையும் அந்தப் பக்கம்தான். அங்கே கிடை போட்டிருந்த கீதாரி ஒருவரிடம், தண்டோரா போட்டால் ஒதுங்கிக்கொள்வீர்களா என்று கேட்டேன். “எனக்குக் காது கேட்கும் தம்பி. ஆட்டுக்கு யார் சொல்வது? பச்சையைக் கண்டால் வாய் வைத்துவிடும்” என்றார்.

அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் மெஸ்கிட் புதரை ஒழித்துப் புல்வெளியை மீட்க அரசே ஒப்பந்தம் விட்டு வானிலிருந்து மருந்து தெளிக்கிறது. மெஸ்கிட் நம் சீமைக் கருவேலத்தின் பங்காளிதான். ஆனால் அங்கே கண்ணுக்கெட்டிய தூரம் ஆளில்லாத பரப்பு. நமக்கு அருகில் இருப்பது கேரளத்தின் காசர்கோடு. முந்திரித் தோட்டங்களின் மேல் ஹெலிகாப்டரில் எண்டோசல்ஃபான் பூச்சிமருந்து தெளித்து மக்கள் பாதிக்கப்பட்ட ஊர் அது.

டெண்டருக்கு முந்தைய கூட்டத்தில் இவற்றையெல்லாம் கேள்விகளாக எழுதிக் கொடுத்தேன். ஒப்புகை முத்திரை வாங்காமல் வெளியே வரவில்லை. வாய்ப்பேச்சுக்குப் பதில் வராது. கடிதத்துக்கு வந்தே ஆக வேண்டும். “டெண்டர் போட வந்தீர்களா, நிறுத்த வந்தீர்களா?” என்று கேட்டார் அதிகாரி. எட்டாம் நாள் திருத்தம் வந்தது. தெளிப்பு நீக்கப்பட்டு, வேரோடு தோண்டி எடுப்பது சேர்க்கப்பட்டது. என் ட்ரோனுக்கு வேலை இல்லை. கடன் தவணை மட்டும் ஓடியது. ஆனாலும் அந்த இரவு நன்றாகத் தூங்கினேன்.

குறைந்த விலை என்னுடையது. பணி ஆணை கிடைத்தது. கருவேலத்தை மேலோடு வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து மறுபடி கிளம்பும். மண்ணுக்குக் கீழே, துளிர் விடும் கட்டைப் பகுதி முழுதும் வெளியே வர வேண்டும். நம் மண்ணின் உடைமரமும் அங்கே கலந்து நின்றது. ஓட்டுநருக்கு இரண்டும் ஒன்றாகத் தெரிந்தன. முந்தைய மாலையே நடந்து நடந்து உடைமரத்துக்கெல்லாம் சுண்ணாம்புப் பட்டை அடித்து வைத்தேன், பனைகளுக்கும் அப்படியே. முடித்த வேலையை அதிகாரிகள் பதியும் அளவுப் புத்தகத்தில் பரப்பை மட்டும் எழுதிக் குழியின் ஆழத்தை விட்டுவிட்டார்கள். அதனால் பில் தொகை நாலு மாதம் நின்றது. தேதியோடு குழிகளைப் படம் எடுத்து வைத்திருந்ததால்தான் பணம் வந்தது.

ஐப்பசி மழைக்குப் பிறகு போனேன். கொழுக்கட்டைப் புல் திட்டுத் திட்டாகப் பிடித்திருந்தது. நடுவே விரல் நீளத்தில் கருவேல நாற்றுகள் நிறைய. ஈரத்தில் இரண்டு விரலால் இழுத்தாலே வந்துவிடுகின்றன. மண்ணில் கிடக்கும் விதை இன்னும் பல மழைக்கு முளைக்கும். ஒப்பந்தத்தில் பராமரிப்பு ஓராண்டுக்குத்தான். மூன்றாண்டாக நீட்டக் கேட்டு, திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்தில் மனு கொடுத்திருக்கிறேன். கீதாரியும் தன் பெயரில் ஒன்று கொடுத்தார்.