10567: ஒரு கொர்வேருக்கு உதிரிபாகம் தேடிய மூன்று ஆண்டுகள்

2021-ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில், மிச்சிகன் மாநிலத்தின் இப்சிலாந்தி நகருக்கு வெளியே ஒரு பண்ணைக் கொட்டகையில் நின்றிருந்த செவ்ரொலெட் கொர்வேர் மான்சா என்ற பழைய அமெரிக்க மடக்குக் கூரைக் கார் ஒன்றை வாங்கினேன். வைக்கோல் தூசிக்கு அடியில் சிவப்பு வண்ணம் தெரிந்தது. டயர்கள் நான்கும் தரையோடு ஒட்டிக் கிடந்தன. கூரைத் துணியை எலிகள் தின்றிருந்தன. ஆனாலும் உடலெண் பொறித்த தகடு தெளிவாக இருந்தது. அதன் முதல் ஐந்து இலக்கங்களான 10567, அது மான்சா வகையின் மடக்குக் கூரை வண்டி என்பதைச் சொல்லின. அடுத்து வந்த 5 என்ற இலக்கம் 1965 மாதிரியாண்டையும், அதைத் தொடர்ந்த ஆங்கில ‘டபிள்யூ’ எழுத்து வில்லோ ரன் ஆலையையும் குறித்தன. அந்த ஆலை இருந்த இடம் கொட்டகையிலிருந்து கால் மணி நேரப் பயணத்தில் இருக்கிறது. பிறந்த இடத்துக்கு இவ்வளவு அருகிலேயே ஒரு வண்டி துருப்பிடித்துக் கிடந்ததைப் பார்த்தபோது, அதை விட்டுவிட்டு வர எனக்கு மனம் வரவில்லை.

வண்டியின் உடலைச் செய்த ஃபிஷர் நிறுவனம் பொருத்திய இன்னொரு சிறு தகட்டையும் அன்றே மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்துப் படித்தேன். வண்ணத்துக்குரிய இடத்தில் ‘ஒய்’ எழுத்து இருந்தது. அது ‘குரோக்கஸ் மஞ்சள்’ என்ற வண்ணம். ஆலையிலிருந்து வெளிவந்தபோது வண்டி மஞ்சளாகத்தான் இருந்திருக்கிறது. யாரோ பின்னாளில் சிவப்பு அடித்திருக்கிறார்கள். உதிரிபாகம் தேடுவதற்கு முன்பு இந்த இரண்டு தகடுகளையும் படித்து ஒரு குறிப்பேட்டில் எழுதிவைத்ததுதான், இந்த மூன்று ஆண்டுகளில் நான் செய்த மிகப் பயனுள்ள வேலை என்று இப்போது நினைக்கிறேன். விற்பவர் எவரானாலும் முதலில் கேட்பது ஆண்டையும் உடல்வகை எண்ணையும்தான். ‘பழைய கொர்வேர்’ என்று மட்டும் சொன்னால் எவராலும் உதவ முடியாது. 1960 முதல் 1964 வரை வந்த வண்டிகளுக்கும் 1965 முதல் 1969 வரை வந்தவற்றுக்கும் உடலமைப்பும் பின்சக்கரங்களைத் தாங்கும் சஸ்பென்ஷனும் வேறு வேறு.

எஞ்சினில்தான் பெரும் துன்பம் காத்திருக்கிறது என்று நான் நினைத்திருந்தேன். கொர்வேரின் எஞ்சின் அமெரிக்க வண்டிகளில் மிகவும் தனித்தது. பின்புறத்தில் இருப்பது, காற்றால் குளிர்வது, ஆறு சிலிண்டர்களும் பக்கத்துக்கு மூன்றாகப் படுத்திருப்பது. 164 கன அங்குலக் கொள்ளளவு, அதாவது ஏறத்தாழ 2.7 லிட்டர். அதற்கு இன்று யார் பாகம் செய்யப்போகிறார்கள் என்று கவலைப்பட்டேன். நடந்தது நேர்மாறானது. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஷெல்பர்ன் ஃபால்ஸ் என்ற சிற்றூரில் ‘கிளார்க்ஸ் கொர்வேர் பார்ட்ஸ்’ என்ற நிறுவனம் இந்த ஒரு வண்டிக்காகவே பல்லாண்டுகளாக இயங்கிவருகிறது. அவர்களுடைய தடித்த விலைப்பட்டியல் வந்து சேர்ந்த இரவு, சாப்பாட்டு மேசையில் அதை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். ஒவ்வொரு பக்கத்திலும் பாகத்தின் வரைபடமும், எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை பொருந்தும் என்ற குறிப்பும் இருந்தன. அது எனக்கு ஒரு பாடநூலாகவே ஆகிவிட்டது.

எண்ணெய்க் கசிவு இந்த எஞ்சினின் பழைய நோய். வால்வுகளை இயக்கும் தண்டுகள் பன்னிரண்டு குழாய்களுக்குள் ஓடுகின்றன. ஒவ்வொரு குழாயின் இரு முனைகளிலும் கசிவை அடைக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங் ஒன்று உண்டு. ஆக மொத்தம் இருபத்து நான்கு. அக்காலத்து ரப்பர் எஞ்சினின் வெப்பத்தில் கல்லைப்போல இறுகிவிடும். கசிந்த எண்ணெய் சூடான உலோகத்தின் மீது விழுந்து புகையும். சிலிண்டர்களைச் சுற்றி வரும் சூட்டுக் காற்றையே இந்த வண்டியின் ஹீட்டர் உள்ளே அனுப்புவதால், அந்த நெடி பயணிகளின் மூக்குக்கே வந்துவிடும். இப்போது வைட்டான் என்ற வெப்பம் தாங்கும் பொருளில் செய்த ஓ-ரிங்குகள் கிடைக்கின்றன. அவற்றைப் பொருத்த இரண்டு வாரக் கடைசிகள் ஆயின. எஞ்சினுக்கும் உடலுக்கும் இடையில் சுற்றிவர அமையும் ரப்பர் பட்டையையும் அப்போதே மாற்றினேன். அந்தப் பட்டை இல்லாவிட்டால் கீழே தள்ளப்பட்ட சூட்டுக் காற்று மீண்டும் மேலேறி விசிறிக்குள் போய்விடும். காட்சிக்கு அற்பமாகத் தெரியும் இதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள் என்பதால் அழுத்திச் சொல்கிறேன்.

எஞ்சினின் சுழலும் முதன்மைத் தண்டான கிராங்க் தண்டின் முனையில் இருந்து, அதன் அதிர்வைத் தணிக்கும் பாலன்ஸர்தான் எஞ்சினில் எனக்குக் கவலை தந்த ஒரே பாகம். என்னுடையது 110 குதிரைத்திறன் எஞ்சின். அதில் இரண்டு இரும்பு வளையங்களுக்கு நடுவில் ரப்பர் வைத்து ஒட்டிய பாலன்ஸர் இருக்கும். ஐம்பது ஆண்டு கடந்த ரப்பர் விட்டுப்போனால் வெளிவளையம் நழுவும். ஓடும்போது கழன்றால் சுற்றியுள்ளவற்றை உடைத்துவிடும். காயலான் கடையிலிருந்து இன்னொரு பழைய பாலன்ஸரை வாங்கி மாட்டுவதில் பொருளில்லை, அதன் ரப்பருக்கும் அதே வயதுதான். பழைய இரும்பை எடுத்துப் புதிய ரப்பர் ஒட்டிக் கொடுப்பவர்களிடமிருந்து ஒன்று வாங்கினேன். என்னுடையதைத் திருப்பி அனுப்பும்வரை ஒரு வைப்புத்தொகையைப் பிடித்துக்கொள்வார்கள். பழையது வந்தால்தான் அவர்களால் அடுத்தவருக்குச் செய்துகொடுக்க முடியும் என்பதால், அந்த முறை நியாயமானது என்றே கருதுகிறேன்.

எஞ்சின் இப்படி எளிதாக முடிய, தகர வேலை என்னை ஓர் ஆண்டு முழுவதும் பிடித்துவைத்தது. டெட்ராய்ட் நகரத்துக்குக் கீழே, முந்நூறு மீட்டருக்கும் அதிகமான ஆழத்தில், ஓர் உப்புச் சுரங்கம் இருக்கிறது. அங்கு வெட்டப்படும் உப்பு பனிக்காலத்தில் சாலைகளில் தூவப்படுகிறது. வண்டிகளைச் செய்த ஊரின் மண்ணிலிருந்தே அவற்றை அரிக்கும் உப்பும் வருவதை நினைத்தபடிதான் ஒவ்வொரு துரு ஓட்டையையும் வெட்டியெடுத்தேன். தரைத்தகடுகள் புதிதாகச் செய்யப்பட்டுக் கிடைக்கின்றன. டிங்கரிங் தெரிந்த நண்பர் ஒருவருடன் சேர்ந்து அவற்றைப் பற்றவைத்தோம். கதவுகளுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் பெட்டித்தகடுகள்தான் சிக்கல். கூரை உள்ள வண்டியில் கூரையும் சேர்ந்து உடலை முறுக்கிலிருந்து காக்கிறது. மடக்குக் கூரை வண்டியில் அந்தச் சுமை முழுவதும் கீழே இறங்கிவிடுவதால் அந்தப் பகுதி வலுவூட்டப்பட்டிருக்கும். கூப்பே எனப்படும், நிலையான கூரை உள்ள இருகதவு வண்டியின் தகட்டை அங்கே வைத்துப் பற்றவைத்தால் பார்வைக்குச் சரியாக இருக்கும். சில மாதங்களில் கதவு இடுக்கு விரியத் தொடங்கும். அரிசோனாவில் வறண்ட வெயிலில் கிடந்த ஒரு மடக்குக் கூரை வண்டியிலிருந்து வெட்டியெடுத்த துண்டுகளை வாங்கினோம். அவற்றை வெட்டும்போது கதவு இணைப்புக்கு இருபுறமும் ஒரு கை நீளம் கூடுதலாக விட்டு வெட்டச் சொன்னதால், எங்கள் வண்டியில் நல்ல தகடு இருக்கும் இடத்தில் இணைப்பை வைக்க முடிந்தது.

பிழை ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். வண்டியின் மூலைகளில், நீண்ட உருளை வடிவில், துருப்பிடித்த டப்பாக்கள் தொங்கிக்கொண்டிருந்தன. பழைய உரிமையாளர் யாரோ சேர்த்த சுமை என்று நினைத்து அவற்றைக் கழற்றி எறிந்துவிட்டேன். ஓட்டிப்பார்த்த முதல் நாளில் ஸ்டீயரிங்கும் முன்கண்ணாடிச் சட்டமும் நடுங்கின. சக்கரங்களை இருமுறை சமன்செய்தும் பயனில்லை. கொர்வேர்க்காரர்கள் அந்த டப்பாக்களைக் ‘காக்டெய்ல் ஷேக்கர்’ என்று அழைக்கிறார்கள் என்பதைப் பிறகுதான் அறிந்தேன். உள்ளே எண்ணெயில் மூழ்கி, சுருள்வில்லில் நிற்கும் கனமான இரும்பு ஒன்று இருக்கிறது. கூரையற்ற உடல் அதிரும்போது அந்த இரும்பு எதிர்த்திசையில் ஆடி அதிர்வை விழுங்குகிறது. ஆலையிலேயே பொருத்தப்பட்டவை அவை. எண்ணெய் வடிந்து துருவேறியதும் பலர் என்னைப்போலவே அவற்றைக் கழற்றி எறிந்திருப்பதால், நல்லவை கிடைப்பது அரிதாகிவிட்டது. நான்கு மாதத் தேடலுக்குப் பின் இரண்டு மாநிலங்களில் இருவரிடமிருந்து ஒரு முழுத் தொகுதியைச் சேர்த்தேன். வாங்கும் முன் இருவரிடமும் டப்பாவைக் காதருகே வைத்துக் குலுக்கி, உள்ளே இரும்பு அசைகிறதா என்று தொலைபேசியிலேயே கேட்டுச் சொல்லச் சொன்னேன்.

இனிக் கூரை. இதற்காகத்தான் இந்தக் கட்டுரையையே எழுதுகிறேன். மேல்துணி புதிதாகக் கிடைக்கிறது. முன்கண்ணாடியின் மேல் அமரும் ரப்பர் பீடிங்கும் கிடைக்கிறது. துணியைத் தாங்கும் இரும்புச் சட்டத்தைத்தான் எவரும் மீண்டும் செய்வதில்லை. அதன் இடப்பக்கத் தண்டு, கீல் இருக்கும் இடத்தில் துருவால் வீங்கி, மடக்கும்போது வளைந்துவிட்டிருந்தது. 1965-இல் 26,466 மான்சா மடக்குக் கூரை வண்டிகள் உருவாயின என்பதால் ஒரு தண்டு கிடைக்காமலா போகும் என்று எண்ணினேன். அவற்றில் எஞ்சியவற்றின் தண்டுகளும் இதே இடத்தில்தான் துருப்பிடித்திருக்கும் என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை. 1969 மே 14-இல் கொர்வேர் உற்பத்தி நின்றது. அந்தக் கடைசி ஆண்டில் உருவான மடக்குக் கூரை வண்டிகள் 521 மட்டுமே. எனவே பின்னாண்டு வண்டிகளைத் தேடுவதும் எளிதாக இல்லை.

இதற்கிடையில் உடைந்த பின்பக்கவாட்டுக் கண்ணாடிக்காக ஒரு விற்பனையாளருக்குப் பணம் அனுப்பினேன். வந்தது கூப்பே வண்டியின் கண்ணாடி. மடக்குக் கூரையின் கண்ணாடி வடிவமே வேறு. அது கூரைத் துணியின் ஓரத்தோடு பொருந்த வேண்டும். அவர் திருப்பி எடுக்க மறுத்துவிட்டார். அன்றுமுதல் எந்தப் பாகத்தையும், பக்கத்தில் அளவு நாடாவை விரித்துவைத்து எடுத்த இரண்டு புகைப்படங்கள் இல்லாமல் வாங்குவதில்லை. என் பழைய பாகத்தையும் அதேபோல் படமெடுத்து முன்கூட்டியே அனுப்பிவிடுகிறேன். சரியான கண்ணாடி, கோர்சா என்று சுருக்கமாக அழைக்கப்படும் அமெரிக்க கொர்வேர் சங்கத்தின் உறுப்பினர் ஒருவரிடமிருந்து, கம்பளியில் சுற்றி வந்தது.

தண்டு கிடைத்ததும் அந்தச் சங்கத்தின் வழியாகத்தான். இப்சிலாந்தியில் செப்டம்பர் மாதத்தில், ஆற்றோரப் பூங்காவில், தயாரிப்பு நின்றுபோன வண்டிகளுக்காகவே ஒரு கண்காட்சி நடக்கிறது. 2023-இல் அங்கே என் மகளோடு போயிருந்தேன். வளைந்த தண்டின் படத்தை அட்டையில் ஒட்டி, ‘இது வேண்டும்’ என்று எழுதி அவள் கையில் கொடுத்திருந்தேன். எண்பதைக் கடந்த ஒரு முதியவர் அட்டையை வாங்கி உற்றுப் பார்த்தார். இளமையில் வில்லோ ரன் ஆலையில் வேலை பார்த்தவர் அவர். தம் கொட்டகையில் 1967 வண்டி ஒன்றின் சட்டம் இருப்பதாகவும், 1965 முதல் உடல் மாறாததால் பொருந்தும் என்று நம்புவதாகவும் சொன்னார். “நம்புவது போதாது, உங்கள் தண்டைக் கழற்றி எடுத்து வாருங்கள், இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்துப் பார்ப்போம்” என்றார்.

அடுத்த சனிக்கிழமை போனேன். கொட்டகைச் சுவர் முழுவதும் ஆணிகள். ஒவ்வோர் ஆணியிலும் ஒரு பாகம். ஒவ்வொன்றிலும் உடல்வகை எண்ணும் பக்கமும் எழுதிய அட்டை. இரண்டு தண்டுகளையும் தரையில் போட்டு ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தார். துளைகள் ஐந்தும் நேராக நின்றன. கீலில் துரு இருந்தது. ஆனால் அது மேற்பூச்சுத் துரு. நான் 80 டாலர் கொடுத்தேன். அவர் வாங்கிக்கொண்டார். பிறகு என் வளைந்த தண்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கீல் கெட்டுவிட்டது, ஆனால் பின்முனையின் பிளவும் அதில் செருகும் ஆணியும் நன்றாக இருக்கின்றன, வேறு யாருக்காவது அந்த முனை வேண்டியிருக்கும் என்றார். அதை எடுத்துச் செல்வதா, விட்டுச் செல்வதா என்று என்னிடம் கேட்டார். விட்டுச் செல்கிறேன் என்றேன். ஓர் அட்டையையும் பேனாவையும் என்னிடமே கொடுத்தார். ‘10567, இடது, பின்முனை நல்லது’ என்று ஆங்கிலத்தில் எழுதி, அவர் காட்டிய காலியான ஆணியில் மாட்டிவிட்டு வந்தேன்.