மாகோவும் கெய்யும், அப்புறம் அந்தக் குடுமியும்

2021 செப்டம்பர் கடைசில ஒரு நாள், ஜப்பான் டிவிக்காரங்க ஒரு ஆளோட தலைமுடிய காட்டிட்டே இருந்த வீடியோ ஒண்ணு பாத்தேன். நியூயார்க்ல இருந்து வந்து இறங்குறாரு, முகத்துல மாஸ்க், முடிய பின்னாடி சேர்த்து குடுமி மாதிரி கட்டியிருக்காரு, அவ்வளவுதான் செய்தி. முன்னாடி இருந்து ஒரு தடவை, சைடுல ஒரு தடவை, பின்னாடி போய் ஒரு தடவைன்னு அந்தக் குடுமிய படம் எடுத்து, இப்படி முடி வச்சிருக்குற ஆளு ராஜ குடும்பத்துப் பொண்ண எப்படி கட்டலாம்னு நாள் கணக்கா பேசினாங்க. அவர் பேரு கெய் கொமுரோ. கட்டிக்கப் போற பொண்ணு மாகோ, இப்போதைய பேரரசர் நருஹிதோவோட தம்பி மக.

அத பாத்துட்டு எனக்கு அன்னைக்கு ரொம்ப நேரம் தூக்கமே வரல. ஏன்னு சொல்றேன், முதல்ல அவங்க கதைய சொல்லிடறேன்.

ரெண்டு பேரும் டோக்கியோவுல ஒரே யுனிவர்சிட்டில படிச்சவங்க, 2012ல பழக்கம். கெய்க்கு சின்ன வயசுலயே அப்பா இறந்துட்டாரு, அம்மா வளர்த்த பையன். 2017 செப்டம்பர் 3ஆம் தேதி ரெண்டு பேரும் சேர்ந்து உக்காந்து பிரஸ் மீட் குடுத்தாங்க, அவரோட சிரிப்பு சூரியன் மாதிரின்னு மாகோ சொன்னாங்க, அமைதியா என்ன பாத்துக்குற நிலா மாதிரின்னு அவர் சொன்னாரு. நாடே கொண்டாடுச்சு. 2018 நவம்பர் 4 கல்யாணம்னு நாள் கூட குறிச்சாச்சு. ஆனா 2017 முடியறதுக்குள்ளயே ஒரு வாரப் பத்திரிகைல, கெய்யோட அம்மாவுக்கு முன்னாடி நிச்சயமாகி அப்புறம் பிரிஞ்சுபோன ஒருத்தர் 40 லட்சம் யென் விவகாரத்த கிளப்பினாரு. அவரு கடன்னாரு, இவங்க அன்பா செஞ்ச உதவின்னாங்க. சாதாரண வீடா இருந்தா ரெண்டு தரப்பு பெரியவங்க உக்காந்து பேசி முடிச்சிருப்பாங்க. இங்க 2018 பிப்ரவரில கல்யாணமே தள்ளிப் போச்சு, ஆகஸ்ட்ல அவரு ஃபோர்டம் யுனிவர்சிட்டில சட்டம் படிக்க நியூயார்க் போனாரு, அதுக்கப்புறம் மூணு வருஷம் ரெண்டு பேரும் நேர்ல பாத்துக்கவே இல்ல. சூரியன்னு சொன்ன அதே சிரிப்பு அப்படியேதான் இருந்துச்சு, பாக்குறவங்க கண்ணுதான் மாறிடுச்சு.

இப்ப என் விஷயம். நானும் இவரும் கல்யாணத்துக்கு முன்னாடி மூணு வருஷம் எங்க சொந்தக்காரங்க கண்ணு முன்னாடி நின்னோம். வேற ஆளுங்கன்னு ஒரே காரணம்தான். பெரிய சண்டை, அடிதடின்னு எதுவும் நடக்கல, சும்மா பாத்துட்டே இருந்தாங்க, அதுதான் நடந்துச்சு. ஒரு காதுகுத்து விசேஷத்துக்கு முதல் தடவையா இவர கூட்டிட்டுப் போனேன், மண்டபத்துல பிளாஸ்டிக் சேர்ல உக்காந்திருந்தாரு. இவருக்கு ஒரு பழக்கம், மனசு நிம்மதியா இருந்தா வலது கால ஆட்டிட்டே இருப்பாரு, ஏதாவது யோசிச்சாலும் ஆடும், பிடிச்ச பாட்டு ஓடினாலும் ஆடும், எனக்கு அது ரொம்ப பிடிக்கும், பஸ்ஸுல பக்கத்துல உக்காந்திருக்கும்போது அந்த ஆட்டம் என் சீட்டுக்கும் வரும், ஆளு சந்தோஷமா இருக்காருன்னு அத வச்சே தெரிஞ்சுக்குவேன். அன்னைக்கு எங்க பெரியம்மா என் காதுகிட்ட வந்து, "கால ஆட்டிக்கிட்டே இருக்காரே, வீட்டுக்கு ஆகாதும்மா"ன்னு சொன்னாங்க. கெட்ட எண்ணத்துல சொல்லல. ஆனா அந்த நிமிஷத்துல இருந்து அந்தக் கால நான் பெரியம்மா கண்ணாலதான் பாக்க ஆரம்பிச்சேன். இவர் ஆட்ட ஆரம்பிச்சா எனக்கு வயித்துல ஒரு பிசைவு, யாரும் பாக்குறாங்களான்னு சுத்திப் பாப்பேன், ஒரு நாள் சினிமா தியேட்டர் இருட்டுல, யாருமே பாக்காத இடத்துல, "ஆட்டாதீங்க"ன்னு எரிஞ்சு விழுந்துட்டேன். அவரு ஒண்ணுமே பேசல, கால நிறுத்திட்டாரு. அதுக்கப்புறம் ரொம்ப நாள் அந்தக் கால் ஆடவே இல்ல.

அந்தக் குடுமிய பாத்ததும் எனக்கு ஞாபகம் வந்தது அந்தக் காலுதான். மாகோவுக்கு அந்தக் குடுமி பிடிச்சிருந்துச்சா இல்லையா யாருக்குத் தெரியும், ஆனா அத அவங்க கண்ணால மட்டும் பாக்குற வாய்ப்பு அவங்களுக்குக் கிடைச்சிருக்காதுன்னு தோணுச்சு. ஊர் பார்வை ஒரு ஜோடிகிட்ட செய்யிற முதல் வேலையே இதுதான்னு நான் நம்புறேன். வெளிய நின்னு கல் எறியறத கூட தாங்கிக்கலாம், அது உள்ள வந்து நம்ம கண்ணுக்குள்ளயே உக்காந்துக்குதே, அதத்தான் தாங்க முடியல. அக்டோபர் 18ஆம் தேதி மாகோவோட அப்பா அம்மாவ பாக்கப் போகும்போது கெய் முடிய வெட்டிட்டுத்தான் போனாரு. எனக்கு அத பாக்க கஷ்டமா இருந்துச்சு.

இத பத்தி கொஞ்சம் தேடிப் படிச்சேன். எதிர்ப்பு இருந்தா காதல் இன்னும் வலுவாகும்னு நம்ம எல்லாரும் சொல்லுவோம்ல, அதுக்கு மனோதத்துவத்துல ரோமியோ ஜூலியட் விளைவுன்னு பேரே வச்சிருக்காங்க, 1972ல அமெரிக்காவுல டிரிஸ்கால்னு ஒருத்தரும் அவரோட ஆளுங்களும் பண்ணின ஆராய்ச்சி, பெத்தவங்க குறுக்க வர வர காதல் கூடுதுன்னு வந்துச்சு. ஆனா 2014ல வேற ஆளுங்க அதையே திரும்ப செஞ்சு பாத்தப்ப அப்படி வரல. சுத்தி இருக்குறவங்க ஏத்துக்கிட்ட ஜோடிகளுக்குத்தான் அன்பும் நம்பிக்கையும் நல்லா இருந்துச்சு. எனக்கு இத படிச்சப்ப அழுகையே வந்துடுச்சு, ஏன்னா அந்த மூணு வருஷமும் எங்ககிட்ட எல்லாரும், ஃப்ரெண்ட்ஸ் உட்பட, "எதிர்ப்பு இருந்தாதான் லவ் ஸ்ட்ராங்கா இருக்கும்"னு சொல்லிட்டே இருந்தாங்க, எங்களுக்கு மட்டும் ஏன் களைப்பா இருக்கு, எங்க காதல்லதான் ஏதோ குறையோன்னு நான் நினைச்சிருக்கேன்.

களைப்புக்கும் காரணம் இருக்கு. வெளியில இருந்து வர்ற டென்ஷன் வீட்டுக்குள்ள கசியும்னு லிசா நெஃப், பெஞ்சமின் கார்னின்னு ரெண்டு பேர் புதுசா கல்யாணம் ஆனவங்கள வருஷக் கணக்குல கவனிச்சு எழுதியிருக்காங்க. வெளிய அழுத்தம் கூடுற சமயத்துல, வழக்கமா கண்டுக்காம விடுற சின்ன விஷயம் கூட பெரிய குறையா தெரியும், அதுக்கு சூழ்நிலை காரணம்னு தோணாது, பக்கத்துல இருக்குற ஆளுதான் காரணம்னு தோணும். தியேட்டர்ல நான் எரிஞ்சு விழுந்தது அதுதான். பெரியம்மா மேல வந்த கோவம், அது போய்ச் சேர்ந்த இடம் இவரு.

இன்னொண்ணு இருக்கு, இத யாரும் எழுதி நான் பாக்கல, எனக்கே நடந்ததால சொல்றேன். ஊரே பாத்துட்டு இருக்குற ஜோடிக்கு சண்டை போடுற உரிமை போயிடும். கல்யாணம் ஆகி முதல் வருஷம் எங்களுக்குள்ள வீட்டு வாடகை அட்வான்ஸ் விஷயமா பெரிய மனஸ்தாபம், நாலு நாள் பேசல. அம்மாகிட்ட போன் வரும், "நல்லா இருக்கியா?"ம்பாங்க, "சூப்பரா இருக்கேன்"ம்பேன். வேற என்ன சொல்ல முடியும், ஒரு வார்த்தை விட்டா "நாங்க அப்பவே சொன்னோம்ல"ன்னு வந்துடுமே. எல்லாரும் பாத்து வச்ச கல்யாணம்னா அம்மா வீட்டுக்கு வந்து ரெண்டு நாள் அழுதுட்டு, திட்டிட்டு, அம்மா குடுத்த ஊறுகா பாட்டிலோட திரும்பிப் போகலாம். எங்களுக்கு அந்த வழி இல்ல. சந்தேகம் வந்தா கூட அத மனசுக்குள்ளயே சொல்லிக்க பயமா இருக்கும், அவங்க ஜெயிச்ச மாதிரி ஆயிடுமேன்னு. ஒரு நாடு பூரா பாக்குறப்ப மாகோவுக்கு அது எப்படி இருந்திருக்கும்? மூணு வருஷம் தூரத்துல இருக்குற ஆளோட போன்ல ஒரு சண்டை வந்திருந்தா அத யார்கிட்ட சொல்லியிருப்பாங்க?

பாக்குறவங்க பக்கமும் ஒரு நியாயம் வச்சிருந்தாங்கங்கறதையும் சொல்லணும். வரிப்பணத்துல வளர்ந்த பொண்ணு, நாங்க கேப்போம்னாங்க. பணம் மட்டும் காரணம் இல்லன்னு நினைக்கிறேன். 1956லயே ஹார்ட்டன், வோல்னு ரெண்டு பேர் டிவில பாக்குற முகங்களோட ஜனங்களுக்கு ஒரு ஒருபக்க உறவு உண்டாகுதுன்னு எழுதினாங்க, நமக்கு அவங்கள தெரியும், அவங்களுக்கு நம்மள தெரியாது. பொறந்ததுல இருந்து போட்டோல பாத்த பொண்ணு, நம்ம வீட்டுப் பொண்ணு மாதிரி. அப்ப அந்தப் பொண்ணு கொண்டு வர்ற பையன நாமதானே விசாரிக்கணும்? மாகோவோட அப்பாவே 2020 நவம்பர்ல, அரசியல் சட்டப்படி ரெண்டு பேர் சம்மதம்தான் கல்யாணம், பெத்தவனா அத மதிக்கிறேன்னு கல்யாணத்துக்கு ஒத்துக்கிட்டாரு. அந்தக் கடைசிச் சம்மதத்த ஒரு அப்பா சட்டத்த காட்டித்தான் குடுக்க வேண்டியிருந்துச்சு.

2021 அக்டோபர் 1, அரண்மனை நிர்வாகமே அறிவிச்சுது, மாகோவுக்கு கடுமையான மன அதிர்ச்சியால வர்ற சிக்கலான பிடிஎஸ்டின்னு டாக்டர் சொல்லியிருக்காருன்னு. தன்னையும் தன் குடும்பத்தையும் கெய்யோட குடும்பத்தையும் பத்தி வருஷக் கணக்கா வந்த பேச்சுதான் காரணமாம். அதுக்கும் சிலர் நடிப்புன்னாங்க. அக்டோபர் 26, கல்யாணம். சடங்கு எதுவும் கிடையாது, அரண்மனை ஆளு போய் பதிவு பண்ணிட்டு வந்தாரு. ராஜ குடும்பத்த விட்டுப் போற பொண்ணுக்குக் குடுக்குற பணம், 15 கோடி யென் வரைக்கும் வந்திருக்கும், வேணாம்னுட்டாங்க. வீட்ட விட்டுக் கிளம்பும்போது தங்கச்சி காகோ கட்டிப் பிடிச்சுக்கிட்டாங்க, அந்த வீடியோவ மட்டும் நான் நாலஞ்சு தடவை பாத்தேன்.

அன்னைக்கு பிரஸ் மீட்ல மாகோ சொன்ன ஒரு விஷயம்தான் என்னால மறக்க முடியல. அவரு தன் இஷ்டத்துக்கு நியூயார்க் போயிட்டாரு, பிரச்சனைய விட்டு ஓடிட்டாருன்னு மூணு வருஷமா பேசுனாங்கள்ல, நான்தான் வெளிநாட்டுப் படிப்ப சீக்கிரம் ஆரம்பிக்கச் சொல்லிக் கேட்டேன்னாங்க. ஊரு அவர் தலைல வச்ச பழிய, ஊர் முன்னாடியே எடுத்து தன் தலைல வச்சுக்கிட்டாங்க. அடுத்து அவரு, மாகோவ நேசிக்கிறேன், இருக்குற ஒரே வாழ்க்கைய நேசிக்கிற ஆளோட வாழணும்னு சொன்னாரு. நேர்ல கேள்வி வேணாம், பதில எழுத்துல தரேன்னு மாகோ சொல்லிட்டாங்க, அந்தக் கேள்விகள்ல சிலத பாத்து ரொம்ப அதிர்ச்சியாயிடுச்சாம்.

மூணு நாள் கழிச்சு அவரு பார் எக்ஸாம்ல, அதான் வக்கீல் ஆகறதுக்கு எழுதுற பரீட்சைல, ஃபெயில்னு செய்தி, அடுத்த வருஷம் இன்னொரு தடவை ஃபெயில், ரெண்டையும் தலைப்புச் செய்தியா போட்டாங்க. நியூயார்க்ல மாகோ தனியா கடைக்குப் போனதையும் படம் எடுத்தாங்க. 2022 அக்டோபர்ல மூணாவது தடவைல பாஸ் ஆனாரு.

அந்த அக்டோபர்ல ஒரு நாள் நான் இவர்கிட்ட தியேட்டர் விஷயத்த எடுத்தேன், எத்தனையோ வருஷம் கழிச்சு. மன்னிச்சுக்கோங்கன்னேன். அவரு, "நீ சொன்னதுக்கு நிறுத்தல, உன் முகத்துல உங்க பெரியம்மா தெரிஞ்சாங்க, அதான் நிறுத்திட்டேன்"னாரு. எவ்வளவு நாள் இத உள்ள வச்சிருந்திருக்காரு.

2025 மே கடைசில மாகோவுக்கு குழந்தை பொறந்திருக்குன்னு அரண்மனைல இருந்து ரெண்டு வரி வந்துச்சு. நானும் உடனே போன எடுத்து ஆணா பொண்ணான்னு தேடினேன், போட்டோ இருக்கான்னு தேடினேன். எதுவும் வெளிய விடல. எந்தத் தேதில பொறந்துச்சுன்னு கூட சொல்லல. போன வச்சுட்டேன், நல்லா இருக்கட்டும்.