பெரியப்பாவின் பம்ப் போர்டும் பூட்டிய சிப்பும்

வட்டக்கச்சியில் பெரியப்பாவின் தோட்டக் கிணற்றில் தண்ணீர் வற்றினால் மோட்டரை நிறுத்த ஒரு போர்ட் இருக்கிறது. போன மழைக்கு இடி விழுந்து ரிலே போனது. அடுத்த இடிக்குச் சிப்பே போனால் அதே போர்டைக் கடையில் வாங்க முடியாது. உள்ளே இருக்கும் புரோகிராமைப் பிரதி எடுத்து வைக்கலாம் என்று கழற்றினேன். “ஓடுற சாமானை ஏன்டா தம்பி நோண்டுறாய்?” என்றார் பெரியப்பா.

சிப், பிக் 16எஃப்628ஏ என்ற சின்னக் கணினி. சிப்பை வாசிக்கவும் எழுதவும் உதவும் பிக்கிட் 2 கருவியில் வைத்தால் சிப்பே இல்லை என்றது. அரை மணி நேரம் வயரைத் திட்டினேன். கடைசியில், சிப்பை எழுதும் நிலைக்குத் தள்ளும் விபிபி மின்னழுத்தத்தைக் கரண்டுக்கு முதலே கொடுக்கும் தெரிவைப் போட்டதும் அகப்பட்டது. உள் ஒசிலேட்டரில் (சிப்புக்குள்ளேயே இருக்கும் தாளக் கடிகாரம்) ஓடும் சிப், அதை நிறுத்தித் திரும்பத் தொடங்க வைக்கும் ரீசெட் பின்னின் வேலையும் நிறுத்தப்பட்டிருக்கிறது. கரண்ட் வந்தவுடன் வேலையைத் தொடங்கி, நாம் பேச வேண்டிய ஆர்பி6, ஆர்பி7 பின்களைத் தானே பிடித்துக்கொள்கிறது.

வாசித்தால் 2048 இடமும் பூச்சியம். வெறும் சிப் என்றால் பதினாறின் கணக்கில் 3எஃப்எஃப்எஃப் வர வேண்டும். பூச்சியம் என்றால் பூட்டு. ஆனால் சிப்பின் அமைப்புகள் இருக்கும் கன்ஃபிக் சொல்லைப் பூட்டு மறைக்காது: அதுவும் பதினாறின் கணக்கில், 0150. பூச்சியத்திலிருந்து எண்ணினால் 13ஆம் பிட் 0, அதாவது சிபி என்ற புரோகிராம் பூட்டுப் போட்டிருக்கிறது. 8ஆம் பிட் 1, பூட்டவில்லை! அது சிபிடி, கரண்ட் போனாலும் எண்களை வைத்திருக்கும் ஈப்ரொம் நினைவகத்துக்கான தனிப் பூட்டு. செய்தவர் முன்கதவைப் பூட்டிவிட்டுக் குசினிக் கதவைத் திறந்தே விட்டிருக்கிறார்.

ஈப்ரொம்மின் 128 பைட்டில் முதல் மூன்றில்தான் ஏதோ இருந்தது: 05, 1ஈ, 03. மற்றதெல்லாம் எஃப்எஃப், அதாவது வெறுமை. 1ஈ என்றால் 30. வறண்டு நின்ற மோட்டர் திரும்ப ஓட எடுக்கும் நேரமும் 30 நிமிடம். சிப்பைப் போர்டில் மாட்டி, பட்டனை அழுத்தி 35 ஆக்கி, மறுபடி வாசித்தேன். 23 வந்தது. பதினாறின் கணக்கில் அது 35தான். 05, தொடக்கத் தாமத விநாடி. போனில் நேரம் பிடித்துப் பார்த்தேன். 03 இன்னும் பிடிபடவில்லை.

சிபி பிட்டை மட்டும் எடுத்துவிடலாமா என்று ஆசை வந்தது. நல்லகாலம், முதலில் கையிலிருந்த இன்னொரு 628ஏயில் எல்ஈடி மினுக்கும் புரோகிராமைப் பூட்டிச் சோதித்தேன். பூட்டை எடுக்க முழுதாக அழிக்க வேண்டும். புரோகிராமும் கூடவே போய், எல்லாம் 3எஃப்எஃப்எஃப்.

சரி, புரோகிராமை நானே எழுதுகிறேன், ஈப்ரொம் எண்களை அப்படியே வைத்து. தொடக்கமும் நிறுத்தமும் ஓடுகின்றன. வற்றியதை அறியும் பகுதி பாக்கி. பழைய சிப்பைத் திருப்பிக் கொடுத்து இரண்டு நாள். நேற்றுப் பெரியப்பா போன் எடுத்தார்: “மோட்டர் முந்தின மாதிரி இல்லை, பிந்தித்தான் எழும்புது.”

35ஐத் திரும்ப 30 ஆக்க மறந்துவிட்டேன்.