ஜிப்சத்தில் ஒரு விண்மீன் கூட்டம்

ஜிப்சம் ஃபால்ஸ் சீலிங் வேலையில் பதினாறு ஆண்டுகளாக மேற்பார்வையாளராக இருக்கிறேன். எந்தக் கட்டடத்துக்குள் போனாலும் கண் முதலில் மேலேதான் போகும். வலென்சியாவில் நடந்த ஓடு கண்காட்சிக்கு நிறுவனம் அனுப்பியபோது, ஊர் திரும்புமுன் கிடைத்த இரண்டு நாள் விடுப்பில் அதே ஸ்பெயினில் உள்ள கிரனாடாவுக்குச் சென்று, அங்கிருக்கும் பழைய அரண்மனைக் கோட்டையான அல்ஹம்ப்ராவைப் பார்த்தேன்.

சிங்க முற்றத்தில் உள்ள 12 சிங்கங்களையும் 124 தூண்களையும் எல்லோரையும்போலச் சுற்றிப் பார்த்துவிட்டு, அதன் வடபுறத்தில் இருக்கும் இரு சகோதரிகள் மண்டபத்துக்குள் நுழைந்தேன். தரையில் பதித்திருக்கும் இரண்டு பெரிய பளிங்குப் பலகைகளால் வந்த பெயர் அது. 14ஆம் நூற்றாண்டில், கிரனாடாவின் சுல்தான் ஐந்தாம் முகம்மதுவின் ஆட்சியில் கட்டப்பட்டது.

அண்ணாந்து பார்த்தால் தேன்கூட்டைக் கவிழ்த்து வைத்ததுபோல, சிறிதும் பெரிதுமாக ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட துண்டுகள் அடுக்கடுக்காக இறங்கி வருகின்றன. முகர்னாஸ் என்று அழைக்கப்படும் இந்த வேலைப்பாட்டின் மூலப்பொருள், நாங்கள் மூட்டை மூட்டையாகக் கரைக்கும் அதே ஜிப்சம்தான். கட்டடத்தின் பாரத்தையும் அது தாங்கவில்லை. மேலே உள்ள உண்மையான கூரைக்குக் கீழே அழகுக்காக நிற்கிறது. எங்கள் தொழில் மொழியில் சொன்னால் இதுவும் ஃபால்ஸ் சீலிங்தான் என்று நினைத்தபோது சிரிப்பு வந்தது, கூடவே கொஞ்சம் கூச்சமும் வந்தது.

கூச்சத்துக்குக் காரணம் உண்டு. ஒரு விடுதியின் வரவேற்பறையில், மையத்தைக் குறிக்காமல் ஒரு சுவரிலிருந்தே வடிவத்தைத் தொடங்கிவிட்டோம். எதிர்ச்சுவரில் அரைத் துண்டாக வந்து முட்டியது. முழுவதையும் பிரித்து மறுபடி செய்தோம். இங்கே உச்சியில் உள்ள ஒற்றை நட்சத்திரத்திலிருந்து எல்லாம் விரிகிறது. சதுர அறை மூலைகளில் மடிந்து எண்கோணமாகி, பக்கத்துக்கு இரண்டாக 16 சன்னல்களைத் தாங்கி, அதன்மேல் குவிமாடமாகிறது. எங்கேயும் அரைத் துண்டு கண்ணில் படவில்லை.

சுவரின் கீழ்ப்பகுதியில் வண்ண ஓடுகள், அதற்கு மேல் அந்த சுல்தானின் அரசவைக் கவிஞர் இப்னு ஸம்ராக்கின் கவிதை வரிகள். வானத்து விண்மீன்களே அலைவதை விட்டு இங்கே தங்க விரும்பும் என்று அவற்றில் ஓரிடத்தில் வருகிறதாம். சன்னல் வெளிச்சம் நகர நகரத் துண்டுகளின் நிழல் மாறுவதைப் பார்த்தபின் அது மிகைப்பட்ட புகழ்ச்சியாகத் தோன்றவில்லை.

அலுவலகத்தில் படங்களைக் காட்டியபோது, "சார், முழுக் கூரை எங்கே?" என்று இளைய பொறியாளர் கேட்டார். என் கைப்பேசியில் இருந்தவை பெரும்பாலும் மூலைகளும் இணைப்புகளும் மட்டுமே.