சொல்லியிருந்தால்

கொழும்பு கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் இன்று ஒரு அம்மம்மா, காற்றில் அணைந்த மெழுகுதிரியைப் பேத்தியின் கையால் மறைக்கச் சொல்லி மறுபடி கொளுத்தினார்.

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு பூசையில் இங்கே குண்டு வெடித்தது. அதற்கு முன்பே அரசாங்கத்துக்கு எச்சரிக்கை வந்திருந்தது. பூசைக்குப் போன சனத்துக்குத்தான் யாரும் சொல்லவில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஒருவர்: "அணுகுண்டு வருகுதெண்டா அரசாங்கம் சொல்லவே கூடாது. சனம் பயத்திலயே செத்துப்போகும்."

2018 ஜனவரி 13, ஹவாயில் ஏவுகணை வருவதாகத் தவறான குறுஞ்செய்தி போனது. திருத்த 38 நிமிடம் எடுத்தது. பயந்தார்கள்தான். ஆனால் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஒளிய இடம் தேடினார்கள்.

உண்மையாகவே வந்தால் அரை மணி நேரம்கூட இருக்காது. கண்ணாடி யன்னலை விட்டு விலகி, கொங்கிரீட் சுவருக்குப் பின்னால் பதுங்க அது போதும்.

சொல்லத்தான் வேண்டும். கடைசியாகப் பேத்தியைக் கட்டிப்பிடிக்கவாவது.