எட்டடி வேப்பங்கட்டையும் இரண்டு வேளைப் பால் கறவையும்

காட்பாடியிலிருந்து குடியாத்தம் வரை எந்தக் கொல்லையில் நின்றாலும் வரப்போரம் ஒரு கிழட்டு வேம்பு இருக்கும். காற்றில் சாய்ந்தால் விறகுக்குப் போகும். அடிமரம் இரண்டடி விட்டம் இருந்தால் அதை விற்காதீர்கள், ஆறடிக் காவல் வீரன் ஒருவன் அதற்குள் இருக்கிறான். மாடு, கடலை, கத்தரி என்று ஓடுகிறவருக்கு மரச்சிலை செதுக்க நேரம் ஏது என்று கேட்பார்கள். பச்சை மரத்தை ஒரே வாரத்தில் செதுக்கி முடிப்பவர் கட்டைதான் முதலில் வெடிக்கும். தினம் ஒரு மணி நேரம் மட்டும் கை வைக்க முடிகிறவர் கட்டை மெதுவாகக் காயும். பாதிக் காரியம் அதிலேயே முடிந்துவிடுகிறது.

மா மரம் செதுக்க மெது, ஆனால் சீக்கிரம் உளுத்துப்போகும். பூவரசு நல்ல மரம், இந்தப் பருமனில் கிடைப்பதுதான் அரிது. கூத்துக்காரர்கள் தலையிலும் தோளிலும் அணிகிற கட்டைகளைச் செய்கிற கல்யாண முருங்கை தோளில் சுமக்கத்தான் லாயக்கு, வெயிலில் நிற்க ஆகாது. வேம்பின் வைரப்பகுதியில் உளு அவ்வளவாக விழாது. ரேகை, அதாவது நாரோட்டம் மட்டும் முறுக்கிக்கொண்டு ஓடும். ஒரு சாண் தூரம் வழுக்கிக்கொண்டு போன உளி அடுத்த சாணில் சிராயைப் பிய்த்தெடுக்கும். பிய்ந்தால் உளியைத் திருப்பி எதிர்ப்பக்கத்திலிருந்து வாருங்கள். ஓங்கி அடித்துத் தீர்க்கிற விஷயம் அல்ல. (ஜவ்வாது மலை ஓரத்தில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: சந்தனமோ செம்மரமோ சொந்தப் பட்டாவில் நின்றாலும், வனத்துறையைக் கேட்காமல் தொடக் கூடாது.)

ஆறடி உருவத்துக்கு எட்டடிக் கட்டை வேண்டும். உடம்புக்கு 72 இஞ்ச், தலைப்பாகைக்கு 8, பீடத்துக்கு 4. மீதி 12 இஞ்ச் இரண்டு முனைகளில் ஆறாறாக வெடித்து வீணாகப் போகிற பங்கு. பச்சையாக இந்தக் கட்டை அரை டன்னுக்கு மேல் இருக்கும். அதனால் செதுக்கப்போகிற இடத்திலேயே டிராக்டரில் இறக்குங்கள். அப்புறம் நகர்த்துவது நடக்காது. விட்டம் 24 இஞ்ச் என்பதால் தோளும் 24 வரும் என்று நினைத்துவிடாதீர்கள். கட்டை உருண்டை. தோளில் 8 இஞ்ச் கனம் வேண்டுமென்றால் அகலம் 22க்குக் கொஞ்சம் மேல்தான் கிடைக்கும்.

ரம்பம் போடும் முன் கட்டை முழுக்க ஒரு காந்தத்தை ஓட்டிப் பாருங்கள். வேப்பமரம் என்றால் யாராவது ஆணி அடித்திருப்பார்கள், வேலிக்கம்பி கட்டியிருப்பார்கள். மரம் அதை விழுங்கி வளர்ந்திருக்கும். ஆழத்தில் இருப்பது காந்தத்துக்குச் சிக்காது. செதுக்கும்போது நீலக்கறுப்பாக ஒரு கறை தெரிந்தால் அங்கே இரும்பு இருக்கிறது என்று அர்த்தம்.

வெடிப்புக்கு வருவோம். மரம் காயும்போது வளையத்தின் சுற்றுவாக்கில் சுருங்குவது, மையத்தை நோக்கிச் சுருங்குவதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. சுற்று சுருங்க, உள்ளே இருக்கிற உருண்டை விட்டுக்கொடுக்காது. எங்காவது ஓரிடத்தில் பிளந்தே தீரும். முகத்தில் பிளக்காமல் முதுகில் பிளக்கவைப்பது நம் கையில் இருக்கிறது. முதுகுப்பக்கம் மேலிருந்து கீழ்வரை, நடு மையத்தைத் தொடுகிற ஆழத்துக்கு ஒரே நேர்வெட்டு போடுங்கள். அதில் இரண்டு மூன்று இடத்தில் ஆப்பு வையுங்கள். வெட்டு விரிய விரிய ஆப்பைத் தட்டி உள்ளே இறக்க வேண்டும். உருவம் பிடிபட்ட பிறகு அதே வெட்டு வழியாக மார்பும் வயிறும் வருகிற பகுதியைக் குடைந்து நாலு இஞ்ச் சுவர் மட்டும் விடுங்கள். இரண்டடிப் பருமன் உள்வரை காயப் பல வருஷம் ஆகும். நாலு இஞ்ச் அவ்வளவு காக்கவைக்காது.

இரண்டு முனைக்கும் உருக்கிய மெழுகு பூசுங்கள். சாணியும் களிமண்ணும் குழைத்தும் அப்பலாம், ஆனால் அது உதிரும், வாராவாரம் மறுபடி அப்ப வேண்டும். காஞ்சிபுரத்து அத்திவரதர் 40 வருஷம் குளத்துக்குள்ளேயே கிடந்து, 2019இல் 48 நாள் மட்டும் வெளியே இருந்துவிட்டு மறுபடி தண்ணீருக்குள் போனார். நனைந்தே இருக்கிற மரம் வெடிப்பதில்லை. நம் கொல்லையில் சித்திரை வெயில் 40 டிகிரியைத் தாண்டும், ஆடியில் காற்று அனலாக வீசும், ஐப்பசியில் விடாமல் பெய்யும். இந்த ஏற்ற இறக்கம்தான் கட்டையைப் பிளக்கும். மார்கழி, தையில் அறுத்து, வெயில் ஏறும் முன் மேல்வேலையைப் பிடித்துவிடுவது நல்லது. மேற்குப் பக்கம் கட்டாயம் ஓலைத் தடுப்பு இருக்கட்டும். கடலை பிடுங்குகிற வாரத்தில் கட்டைப் பக்கமே வர முடியாது. அப்போது ஈரச் சாக்கு போர்த்தி, மேலே தளர்வாகத் தார்ப்பாய் போடுங்கள். இறுக்கிக் கட்டினால் நாலே நாளில் பூஞ்சை.

அளவுக்குச் சிற்ப சாஸ்திரத்தின் நவதாளம், அதாவது ஒன்பது முக உயரம், போதும். உடம்பு 108 அங்குலம், முகம் அதில் 12. இந்த அங்குலம் டேப்பில் இருக்கிற இஞ்ச் இல்லை. 72 இஞ்சை 108ஆல் வகுத்தால் ஓர் அங்குலம் 17 மில்லிமீட்டருக்கு ஒரு துளி குறைவு. முகம் 12, கழுத்து 4, கழுத்திலிருந்து மார்பு 12, மார்பிலிருந்து தொப்புள் 12, தொப்புளிலிருந்து தொடை பிரியும் இடம் 12, தொடை 24, முட்டி 4, கணைக்கால் 24, பாதம் 4. ஒரு மூங்கில் பட்டையில் 17 மில்லிமீட்டருக்குக் கோடு போட்டு வைத்துக்கொள்ளுங்கள், டேப்பைத் தேட வேண்டாம். தூக்குக்குண்டு விட்டு நடுக்கோட்டை முன்னும் பின்னும் காவியால் போடுங்கள். வாய்ச்சி (மரத்தைச் சீவுகிற குறுக்குவாய்க் கோடாலி) ஒரு சுற்று வந்தால் கோடு போய்விடும். போகப் போக மறுபடி போடுங்கள். அலுப்பில் இதை விட்டவர் சிலைதான் ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும்.

முகத்தை முதலில் முடிக்கிற ஆசை எல்லாருக்கும் வரும். அடக்கிக்கொள்ளுங்கள். கண்ணைத் திருத்த மூக்கு இறங்கும், மூக்கு இறங்கினால் கன்னம் இறங்கும், கடைசியில் ஆறடி ஆளுக்கு ஐந்தடி ஆள் தலைதான் மிஞ்சும். முகம் சுற்றிலும் ஓர் அங்குலம், மூக்கு நுனியில் இரண்டு அங்குலம் கூடுதலாக விட்டு, உடம்பு முழுக்க ஒரே மட்டத்தில் இறங்கி வாருங்கள். ஓங்கிய கையைத் தனியாகச் செதுக்குங்கள். ஒரே கட்டையில் எடுத்தால் முழங்கைக்குக் குறுக்கே ரேகை ஓடும், ஒரு தட்டுக்குத் தாங்காது. நன்றாகக் காய்ந்த மரத்தில் கையும், துளைக்குள் இறங்குகிற கழுந்தும் எடுத்து, இன்னும் ஈரமுள்ள தோளில் துளை போட்டு இறக்கினால், தோள் சுருங்கச் சுருங்க அதுவே கவ்விப் பிடிக்கும். தாங்கல் எப்படி விடுவது என்று பார்க்க வேலூர்க் கோட்டை ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத்துக்குப் போங்கள். பாய்கிற குதிரைகளின் முன்னங்காலுக்குக் கீழே சின்ன உருவங்களைச் செதுக்கி எடையைத் தாங்கவிட்டிருப்பார்கள். கல்லுக்குச் செய்ததுதான், மரத்துக்கும் பொருந்தும்.

எந்த நேரத்தில் எந்த வேலை? கோடாலி, வாய்ச்சி வேலையெல்லாம் விடியற்காலைக் கறவை முடிந்து, புல் அறுத்துப் போட்டுவிட்டு, வெயில் ஏறும் முன். மோட்டார் ஓடி மடை மாற்றக் காத்திருக்கிற இருபது நிமிஷத்தில் செதுக்கப் போகாதீர்கள், உளி தீட்டுங்கள். வேம்புக்கு வாய் 30 டிகிரி இருக்கட்டும், அதைவிட மெல்லியதாகத் தீட்டினால் முறுக்கு ரேகையில் பல் விழும். கல்லில் தீட்டிய பிறகு தோலில் இழுங்கள். ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கம் தோல் துண்டுக்கா பஞ்சம்? ஒரு பலகையில் ஒட்டிவிட்டால் வருஷக்கணக்கில் வரும்.

முகவேலைக்குச் சாய்வான வெளிச்சம் வேண்டும். உச்சி வெயிலில் மேடு பள்ளம் எதுவும் தெரியாது. ஆனால் சாய்வெயில் விழுகிற காலையும் மாலையும்தான் கறவை நேரம், மாடு காத்திருக்காது. ராத்திரி எல்.இ.டி. பல்பு ஒன்றைக் கன்னத்துக்குப் பக்கவாட்டில் தொங்கவிட்டுச் செய்வதுதான் வழி. சொல்லப்போனால் வெயிலைவிட அது நன்றாகவே காட்டும்.

இன்னும் சில தொல்லைகள். வியர்வை உப்பு ஏறிய மரத்தை மாடு நக்கும், ஆடு பட்டையைக் கடிக்கும், கோழிகள் தோளில் ஏறித் தூங்கும். எச்சம் பட்டால் கறை. வேப்பந்தூள் மூக்கை எரிக்கும், துணி கட்டிக்கொள்ளுங்கள். தவிட்டு மூட்டையை அப்பால் தள்ளி வையுங்கள். கசப்பு ஏறிய தவிட்டை மாடு முகர்ந்துவிட்டு நகர்ந்துவிடும். சிராயைக் கொட்டிவிடாதீர்கள், சாயங்காலம் கொட்டகையில் மூட்டம் போட அதைவிட நல்லது இல்லை.

வெடிப்புகளை அவசரப்பட்டு அடைக்காதீர்கள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் தேதி போட்டு அகலத்தைப் பென்சிலில் எழுதுங்கள். ஒரு கோடையும் ஒரு மழைக்காலமும் போகட்டும். கோடையில் பட்டிப் பசை வைத்து இறுக்கி அடைத்தால் மழையில் மரம் உப்பி, அது பிதுங்கும் அல்லது பக்கத்தில் புது வெடிப்பு விடும். அதே மரத்தின் மெல்லிய பட்டையை ஒரு பக்கம் மட்டும் பசை தடவிச் செருகுங்கள், மறுபக்கம் மரம் சுருங்கி விரிய இடமாக இருக்கட்டும்.

மேல்பூச்சுக்கு வேப்பெண்ணெய் ஆகாது. காயவே காயாது, புழுதியெல்லாம் ஒட்டும். லின்சீட் ஆயிலில் (ஆளிவிதை எண்ணெய்) பாதிக்குப் பாதி டர்பன்டைன் கலந்து முதல் பூச்சு. அடுத்த இரண்டும் வெறும் எண்ணெய், ஒவ்வொன்றும் காய்ந்த பிறகு. துடைத்த துணியைச் சுருட்டி எறியாதீர்கள். லின்சீட் காயும்போது சூடு கிளம்பும், சுருட்டிய துணி தானாகவே பற்றிக்கொள்ளும். பக்கத்தில் வைக்கோல் போர் இருக்கும். துணியைத் தண்ணீரில் முக்கி, வேலிமேல் விரித்துக் காயப் போடுங்கள்.

நிறுத்தும்போது மண்ணில் நடக் கூடாது, கரையான் கீழிருந்து ஏறும். ஒரு முழ உயரக் கருங்கல்லில் துளை போட்டு ஸ்டெயின்லெஸ் கம்பி வைத்து நிறுத்துங்கள். சாதாக் கம்பி துரு பிடித்துப் பாதத்தில் கறுப்பு ஏற்றும். கல்லின் மேல்முகம் வெளிப்பக்கம் சற்றே சரிந்திருந்தால் மழைத்தண்ணி தங்காது.